கைவைக்காத படம்

இந்த நாட்டில் காவல் நிலையத்து நாற்காலிகூட வசதியாக இருக்கிறது. பதினோரு வருஷமாக வந்துபோகிறேன்; ரயில் நிலையம், தபால் நிலையம், படகுத்துறை, எங்கே உட்கார்ந்தாலும் முதுகுக்கு இதமாக ஒரு சாய்வு வைத்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இங்கேயும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகவே விமானம் ஏறி வந்தேன். எனக்கு ஒரு கடிதம் வேண்டும். போன வருஷம் இந்த ஊரில் நான் எடுத்த ஒரு படம் அசல்தான், அதில் எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை என்று காவல்துறை எழுதித் தர வேண்டும். அதிகாரி ஐயா முதலில் சிரித்தார். பிறகு, நடந்ததை என் மொழியிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டுக் காகிதத்தைத் தள்ளினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அம்மா இருக்கிறார். நம் மொழி பேசுகிற பெண், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். நான் ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அவர் அதை வாங்கி இந்த நாட்டு மொழியில் எழுதி ஐயாவிடம் தருகிறார். அவர் கையெழுத்து அழகு. என் கையெழுத்தைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெருந்தன்மை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். முப்பத்தொரு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம், குழந்தையைக் குப்புறப் போட்டு எடுக்கிற படம் எல்லாம் உண்டு. ஆனால் என் பெயர் பரவியது டச்சிங்கில்தான். எடுத்த படத்தில் உள்ள குறைகளைப் பென்சிலாலும் தூரிகையாலும் சரிசெய்கிற வேலை அது. பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தது. வழுக்கை மாப்பிள்ளைக்கு முடி நட்டிருக்கிறேன். மாறுகண்ணை நேராக்கியிருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மருமகளைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, அவள் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறேன். மாமியாருக்கு அந்தப் பூந்தொட்டி அவ்வளவு பிடித்துப்போய் ஒரு கிலோ இனிப்போடு வந்து நின்றார்.

அப்படி இருந்தவன் ஒருநாள் திருந்தினேன். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் படம் எடுக்க வந்திருந்தார். இடது புருவத்துக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவு மச்சம். அவர் கேட்கவில்லை, கைப்பழக்கத்தில் நானே அதை எடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து மனிதருக்கு ஞாபகம் தப்பி, வீட்டைவிட்டு எங்கேயோ நடந்து போய்விட்டார். குடும்பம் என் படத்தைப் பத்திரிகையில் போட்டுத் தேடியது. அவரோ இரண்டு தெரு தள்ளி ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்துக் கிடந்திருக்கிறார். நர்ஸம்மா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்து, இவருக்கு மச்சம் இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாராம். அவருடைய மகன் கடைக்கு வந்தார். கத்தவில்லை. "எங்கப்பாவை நீங்க படத்துலயே தொலைச்சிட்டீங்களே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சத்தியம் செய்தேன். எனக்காக நான் எடுக்கும் படங்களில் ஒரு புள்ளியையும் தொடமாட்டேன். கேமரா கண்டது கண்டபடி இருக்கும். இந்தச் சத்தியத்தை இன்றுவரை மீறியதில்லை. தயவுசெய்து இந்த வரியின் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டுக்கு முதலில் வரவழைத்தவன் என் மச்சினன். அவன் இங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டான். நானும் என் மனைவியும் மட்டும் வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தோம். என்ன இருக்கிறது இங்கே என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். என்ன இல்லை என்று கேட்பேன். கடைக்காரர் சாமான் எடுக்கும் முன் வணக்கம் சொல்கிறார். ஜன்னல் கதவுகளுக்கு ஆளுக்கொரு நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். படகுத்துறையில் வலை உலர்த்துகிறவர் கேமராவைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவதில்லை, தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காலை வெளிச்சம். நம் ஊரில் சூரியன் எழுந்ததும் அடிக்க வந்துவிடுவான். இங்கே கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே வருகிறான். சொன்னால் சிரிப்பீர்கள், விமானம் தரை தட்டும்போது எனக்குக் கண் கலங்கும். என் பெண்ணைப் புகுந்த வீட்டில் பார்க்கப் போனபோதுகூட அப்படிக் கலங்கியதில்லை.

பிரியம் இருக்கிற இடத்தில்தானே குறை கண்ணை உறுத்தும்? ஓர் அருமையான சந்து, நடுவில் குப்பைத்தொட்டி. சத்தியம் இருப்பதால் படத்தில் அதை எடுக்க முடியாது. ஆனால் தெருவில் எடுக்கலாமே. உருட்டி ஓரமாக வைத்தேன், படம் எடுத்தேன், திரும்ப உருட்டி வைத்தேன். அப்புறம் ஒரு சைக்கிள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு வீட்டின் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து, மடித்து, வாசலில் வைத்துவிட்டு எடுத்த படம் எங்கள் புகைப்படச் சங்கத்து ஆண்டு மலரில் அட்டைப்படமாக வந்தது. என் மனைவி வெயிலில் நின்றுகொண்டு கேலி செய்வாள்: "ஊரையே கூட்டிப் பெருக்கிட்டுத்தான் படம் எடுப்பீங்களா? வீட்ல சாப்பிட்ட தட்டை நகர்த்த மாட்டீங்க!" நியாயமான கேள்விதான்.

நாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைக்க வரவில்லை. ரொட்டிக்கடைக்காரம்மாவிடம் வெள்ளை நாய் ஒன்று இருந்தது. எங்கே கேமராவை நிறுத்தினாலும் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும். ஆறாவது வருஷம் அதைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கி விட்டேன். நல்ல ஊர்தான், பூங்கா எல்லாம் இருக்கிறது. அந்த அம்மா அழுதுகொண்டே, காணவில்லை என்று ஒட்டுவதற்கு நாயின் படம் இருக்கிறதா என்று என்னிடம்தான் வந்து கேட்டார். இருபது பிரதி போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு தெளிவான படம் என்று எல்லோரும் சொன்னார்கள். மச்சம் எதையும் எடுக்காத படம் அல்லவா?

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா நிமிர்ந்தார். "சார், நாய் விஷயம் எழுதணுமா? அவங்க கேட்டது படத்தைப் பத்தித்தானே?"

"எழுதும்மா. நேர்மையான ஆளுன்னு தெரியட்டும்."

இனி சாவிக்காரர். இந்த ஊரில் படிக்கட்டுத் தெரு ஒன்று இருக்கிறது, நாற்பத்தொரு படி. மேலே சாவிக்காரரின் வீடு, கீழே அவருடைய கடை. கடை என்றால் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே காத்திருக்க வேண்டிய அளவு. பூட்டுப் பழுது பார்ப்பார், மாற்றுச் சாவி செய்து தருவார். வயது எழுபத்தெட்டு. கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, நான் சொல்லும் காலத்தில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் சாவியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினால் போதும், அச்சாக அப்படியே அராவி எடுத்துவிடுவார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பது போல, கைவேலைக்குக் கண் எதற்கு என்று கேட்கிற மனிதர்.

என்னைப் "படக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். இந்த நாட்டு மொழி எனக்கு ஓரளவு வரும். அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன். போன வருஷத்துப் படத்தை அடுத்த வருஷம் பெரிதாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். அவர் அந்தப் படத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

"வழவழன்னு இருக்கு. இதுல நான் எப்படி இருக்கேன்?"

"ராஜா மாதிரி இருக்கீங்க."

"ராஜாவுக்குத் தொப்பி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நான்தான்."

இப்படி ஒரு சிநேகிதம். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதையும் கோடு போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் படிகளின் மேல்பகுதி இரண்டு சுவர்களுக்கு நடுவே இறங்குகிறது. பதினெட்டாவது படியில் இடது பக்கம் திரும்புகிறது. திருப்பத்தில் வலது சுவர் முடிந்து, வெளிப்பக்கம் திறந்த வெளி. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரம்பு, அவ்வளவுதான். கீழே இரண்டு மாடி ஆழத்தில் ஒரு கிடங்கின் பின்முற்றம், கல் பாவியது. காலை ஏழு பத்துக்கு எதிர்வரிசைக் கட்டடங்களின் இடைவெளி வழியாகச் சூரியன் அந்தத் திருப்பத்தில் மட்டும் வந்து விழும். நான்கு நிமிஷம் இருக்கும். மற்ற படியெல்லாம் நீல நிழல், அந்த ஒரு திருப்பம் மட்டும் பொன். பத்து வருஷமாக அந்த நான்கு நிமிஷத்துக்குத்தான் நான் கண்டம் விட்டுக் கண்டம் வந்தேன் என்று சொல்லலாம். ஒரு வருஷம் மேகம், ஒரு வருஷம் சாரம் கட்டியிருந்தார்கள், ஒரு வருஷம் எனக்கே காய்ச்சல்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்தேன். அங்கே மஞ்சள் நிறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி நிற்கிறது.

சாவிக்காரரின் மகள் நகராட்சிக்கு இரண்டு வருஷம் நடையாய் நடந்து அதைப் போட வைத்திருக்கிறார். சலவை நிலையத்தில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அப்பா தனியாக இறங்க வேண்டுமே என்ற கவலை. நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள்? அந்தக் கல்லுக்கும் அந்த நீலத்துக்கும் நடுவே, கல்யாணப் படத்தில் யாரோ மூக்கைச் சிந்துவது போல. சாவிக்காரரோ குஷியாக இருந்தார். அதுவரை இடது சுவரைத் தடவித் தடவி இறங்கியவர், இப்போது வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பையன் மாதிரி இறங்கினார். "என் மக போட்ட ரோடு இது" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருஷம் படம் எடுக்காமலே ஊர் திரும்பினேன். என் மனைவி விமானத்தில் கேட்டாள், யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று. என் முகம் அப்படி இருந்ததாம்.

நான் ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் இல்லை. கைப்பிடியை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். மூன்று துண்டு. முதல் துண்டு மேல்பகுதிச் சுவரில் பதித்தது, கீழே இருந்து பார்த்தால் தெரியாது. மூன்றாவது கீழ்ப்பகுதியில், என் முதுகுப் பக்கம். இடையூறு நடுத்துண்டு மட்டும்தான். அது இரண்டு கால்களில் நிற்கிறது, காலுக்கு இரண்டு போல்ட்டு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர். நான்கையும் கழற்றினால் காலி கேஸ் சிலிண்டர் கனம்தான், ஒரே ஆள் தூக்கிவிடலாம். போன வருஷம் பெட்டியில் ஸ்பேனரோடு வந்து சேர்ந்தேன்.

சாவிக்காரர் எட்டு மணிக்கு இறங்குவார். அந்தப் படிகளில் அதற்கு முன்னால் ஈ காக்கை வராது. ஆறு ஐம்பதுக்குக் கழற்றுவேன். ஏழு பத்துக்குப் படம். ஏழரைக்குள் மாட்டிவிடுவேன், ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பொறுப்பில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் ஒரு போல்ட்டின் மரை தேய்ந்துவிட்டது என்று நானே இரும்புக்கடைக்குப் போய்ப் புதிது வாங்கிப் போட்டேன். நகராட்சிக்கு அது இன்றுவரை தெரியாது.

ஆறு நாள் இப்படி எடுத்தேன். ஆறும் சுத்தமான படம். ஒன்றிலும் உயிர் இல்லை. வெறும் படி, வெறும் வெளிச்சம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அந்தப் பொன்னுக்குள் ஒரு மனிதன் இறங்கி வர வேண்டும், அந்தத் தெருவிலேயே அறுபது வருஷம் இறங்கிய மனிதன்.

ஆறாம் நாள் மாலை கடைக்குப் போய் அவரிடம் கேட்டேன். நாளைக் காலை ஏழு பத்துக்கு இறங்க முடியுமா, ஒரு படம் எடுக்க வேண்டும் என்று.

அவர் அராவுவதை நிறுத்தினார். "எனக்காகவா இத்தனை நாள் படியில நின்னீங்க? அதான் காலையில சத்தம் கேட்டுச்சா?"

"ஆமாம்."

"நல்ல கோட்டு ஒண்ணு இருக்கு. போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்குங்க. சாதாரணமா, தினமும் இறங்கற மாதிரி இறங்குங்க. அது போதும்."

"என் மககிட்ட இப்ப சொல்லாதீங்க. படம் வந்தப்புறம் சுவத்துல மாட்டி வெச்சு ஒருநாள் அதிர்ச்சி குடுப்போம்."

சரி என்றேன்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. வந்ததும், என் முகத்தைப் பார்க்காமல், ஐயா கேட்கச் சொன்னதாக ஒரு கேள்வி கேட்டார்: "நடுவுல கைப்பிடி இருக்காதுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சொல்லியிருந்தால் அவர் இடது சுவரோடு ஒட்டிக்கொண்டு, பயந்து பயந்து, பல்லி போல வந்திருப்பார். முகத்தில் பயம் இருக்கும். முப்பத்தொரு வருஷம் முகம் பார்த்தவன் நான். பயந்த முகத்தை என்ன வெளிச்சத்தாலும் காப்பாற்ற முடியாது. எனக்கு வேண்டியது அவருடைய அந்த நம்பிக்கையான நடை. அது நடிக்கச் சொன்னால் வராது.

ஏழாம் நாள் காலை மேகமே இல்லை. ஆறு ஐம்பதுக்குக் கழற்றினேன். ஏழு ஒன்பதுக்கு மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மனிதர் நேரம் தவறமாட்டார். இடது கையில் தகரப்பெட்டி, வலது கை முதல் துண்டின் மேல். சவரம் செய்திருந்தார். கோட்டு கருநீலம், பித்தளைப் பொத்தான். அந்தப் பொத்தான் வெளிச்சத்தில் மின்னும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் துண்டுக்கும் நடுத்துண்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி உண்டு. அங்கே வந்ததும் கையை எடுத்து அடுத்ததைப் பிடிப்பதற்காக முன்னால் நீட்டுவார், தினமும் செய்வதுதான். நீட்டினார். முகத்தில் வெளிச்சம் விழுந்தது. விழுந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது, சிரித்தார்.

அந்தப் படத்தை ஐயா பார்த்திருக்கிறார், மேசை மேல்தான் இருக்கிறது. நீலப் படிகளுக்கு நடுவே பொன்னில் ஒரு கிழவர், கண் மூடி, சிரித்துக்கொண்டு, கையை வெளிச்சத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறார். வெளிச்சத்தோடு கைகுலுக்குகிறவர் என்று பிற்பாடு போட்டி நடுவர் ஒருவர் எழுதினார்.

மொத்தம் மூன்று தடவை அழுத்தினேன். முதல் படத்தில் கை இன்னும் முழுதாக நீளவில்லை. இரண்டாவது இது. மூன்றாவதில் படிகள் மட்டும்தான். உப்பில்லாப் பண்டம், அதை நான் எங்கேயும் அனுப்பவில்லை.

ஐயாவின் இரண்டாவது கேள்வி: நில்லுங்கள் என்று கத்தியிருக்கலாமே, உங்களுக்குத்தான் இந்த நாட்டு மொழி வருமே என்று. வரும். நான் இங்கே முதலில் கற்றுக்கொண்ட சொல்லே அதுதான், படம் எடுக்கிறவனுக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் கத்தினால் முகம் திரும்பிவிடும்.

மூன்றாவது கேள்வி: விழுவார் என்று தெரியுமா? தெரியும். திருப்பத்தில் பிடிக்க ஒன்றும் இல்லை, முழங்கால் உயரம்தான் வரம்பு, அவருக்குக் கண் தெரியாது. இதில் தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது? ஆனால் அது படத்துக்கு அப்புறம் நடக்க வேண்டிய விஷயம். எனக்குப் படம்வரைதான் யோசனை ஓடிற்று.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம் கைப்பிடியை மாட்டியது. இன்னொருவர் விழக்கூடாதே. அவசரத்திலும் நான்கு போல்ட்டையும் இரண்டு தடவை இறுக்கினேன், எட்டு நிமிஷம் பிடித்தது. பிறகு கேமராவையும் ஸ்பேனரையும் பைக்குள் வைத்துவிட்டு, ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். அவர் கால்மணி நேரம் உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் பின்னால் சொன்னார். எனக்கு அது தெரியாது. இரண்டு மாடி அல்லவா?

விடுதிக்குத் திரும்பியதும் என் மனைவி என் விரல்களைப் பார்த்தாள். "நகத்துல என்ன மஞ்சளா இருக்கு?" என்றாள். பெயின்ட் என்றேன். மதியம் ஊரெல்லாம் சாவிக்காரரைப் பற்றிப் பேசியபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவள் வரவில்லை.

கைப்பிடி இருந்தது, படி ஈரமில்லை, ஆகவே அவராகவே கால் தவறி விழுந்தார் என்று உங்கள் ஆட்களே எழுதினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று நானும் சொன்னேன். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கண் தெரியாத அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுச் சம்பாதிக்கப் போனாள் என்று மகளைப் பேசினார்கள். அடக்கம் முடிந்த அன்று அவர் என்னிடம் வந்தார்.

"அப்பா உங்ககிட்ட எல்லாம் பேசுவாரே. எட்டு மணிக்குப் போறவர் அன்னிக்கு மட்டும் ஏன் அவ்ளோ சீக்கிரம் கிளம்பினார்? அந்தக் கோட்டை எதுக்குப் போட்டுக்கிட்டார்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலையேம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? சொல்லவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்ட விஷயம். ஊருக்குப் போனதும் மறக்காமல் படத்தைப் பெரிதாகப் போட்டு அனுப்பினேன், கைப்பிடி வருவதற்கு முந்தி ஒரு வருஷம் எடுத்தது என்று எழுதி. சுவரில் மாட்டியிருப்பதாக, தினமும் வேலைக்குப் போகும்முன் அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் போவதாகப் பதில் எழுதியிருந்தார். படிக்க நிறைவாக இருந்தது.

எங்கள் நாட்டுப் போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. கேடயம் கொடுத்து, மாலை போட்டு, பேசச் சொன்னார்கள். சத்தியத்தைப் பற்றிப் பேசினேன். கைதட்டு அடங்க நேரமாயிற்று. அன்று மாலை வீட்டுக்கு வந்தால் என் மனைவி கூடத்தில் இருந்த அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். அவளுக்குக் கலை அவ்வளவாகப் பிடிபடாது.

மூன்று மாதம் கழித்துப் போட்டிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ ஒரு சுற்றுலாப் பயணி அந்தப் படிகளுக்குப் போயிருக்கிறார். அங்கே மஞ்சள் கைப்பிடி இருக்கிறது, இரண்டு வருஷமாக இருக்கிறது, நகராட்சியில் பதிவும் இருக்கிறது, ஆகவே படக்காரர் கம்ப்யூட்டரில் அதை அழித்திருக்கிறார் என்று எழுதிப் போட்டுவிட்டார். மூலக் கோப்பை அனுப்பினேன். அதில் மாற்றம் எதுவும் தென்படவில்லை, ஆனால் கைப்பிடி எங்கே போயிற்று என்று தக்க ஆதாரத்தோடு விளக்கினால்தான் பரிசு நிற்கும் என்றது குழு. கேடயத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அது போகட்டும். திருத்தினான் என்றார்கள். என்னை. சங்கத்துக் கூட்டத்தில் நான் நுழைந்ததும் ஒருவன் பூந்தொட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தான். எத்தனை வருஷத்துச் சத்தியம்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் வந்தேன். ஆதாரம் எல்லாம் பையில் இருக்கிறது. ஸ்பேனர். கைப்பிடி இல்லாத ஆறு நாள் படங்கள், தேதியோடு. மஞ்சள் பெயின்ட் ஒட்டிய பழைய போல்ட்டு ஒன்று, ஞாபகத்துக்காக வைத்திருந்தேன். போய்ப் பாருங்கள், நடுத்துண்டில் மூன்று போல்ட்டு மஞ்சள், ஒன்று வெள்ளை. அந்த வெள்ளைப் போல்ட்டுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஐயா ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார். வெள்ளைதான். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. வெளியே இன்னொருவரையும் அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது. சாவிக்காரரின் மகள். மடியில் நான் அனுப்பிய படம். சட்டத்தோடு அப்படியே சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார். எழுதி முடித்த பக்கங்களை மொழிபெயர்ப்பாளர் அம்மா அவருக்குப் படித்துக் காட்டினார். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் அம்மா உள்ளே வந்து அதைச் சொன்னார்.

"அவர் கையை நீட்டுனது... வெளிச்சத்துக்காக இல்லையான்னு கேக்கறாங்க."

"இல்லம்மா. கைப்பிடிக்கு. அவங்க போட்ட கைப்பிடிக்குத்தான்."

ஒரு வருஷமாகத் தெரியாமல் தவித்தவருக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அந்த வகையில் எனக்குத் திருப்தி. அவர் படத்தைக் குப்புறத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் எல்லோரும் இந்தப் படத்தைத் திருப்பியே வைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஐயா தன் பங்குக்கு மேலே ஒரு சுருக்கம் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அம்மா அதை எனக்கு வாசித்தார். முதல் வரியில் கொலை என்று இருக்கிறது. சட்டம் அவருக்குத்தான் தெரியும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவது வரியில் திட்டமிட்டு என்று இருக்கிறது. அதுவும் சரிதான், ஒரு வருஷம் யோசித்தேன். மூன்றாவது வரியில்தான் சிக்கல். "திருத்தப்பட்ட காட்சியைப் படமெடுத்து" என்று எழுதியிருக்கிறார். பார்க்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது.